நர்சிங் படிக்கற பொண்ணுக்கு ஆக்சென்ட் கோர்ஸ் தேவையா?

குடியாத்தம் பக்கத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. பொண்ணு பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், இப்ப வேலூர்ல பி.எஸ்சி நர்சிங் ரெண்டாவது வருஷம், இங்கிலீஷ் நல்லா எழுதறா, ஆனா வாய தொறந்தா கூட படிக்கற பசங்க சிரிக்கறாங்களாம், வெளிநாடு போற ஆசை வேற இருக்கு, அதனால பிரிட்டிஷ் ஆக்சென்ட் சொல்லித் தர்ற கோர்ஸ்ல சேத்து விடட்டுமான்னு.

அக்கா, ஆக்சென்ட்டுக்குன்னு பணம் கட்டாதீங்க. யு.கே போறதுக்கு நர்ஸுங்க எழுதற ஓஇடி-ங்கற இங்கிலீஷ் பரீட்சையில உச்சரிப்புன்னு பாக்கறது கேக்கறவங்களுக்கு சிரமமில்லாம புரியுதாங்கறது தான், எல்லாரும் எழுதற பொது இங்கிலீஷ் பரீட்சை ஐஇஎல்டிஎஸ்ஸா இருந்தா ஸ்பீக்கிங் மார்க்ல கால்வாசி உச்சரிப்புக்கு. வெள்ளக்காரன் மாதிரி பேசறதுக்கு ரெண்டுலயும் தனி மார்க் கிடையாது.

பிரச்சனை எங்கன்னா, இங்கிலீஷ்ல எழுத்து 26, ஆனா பிரிட்டிஷ் இங்கிலீஷ் கணக்குல சத்தம் 44. அதுல உயிரெழுத்து அஞ்சே அஞ்சு, உயிர் சத்தம் மட்டும் 20. நம்ம பசங்க தமிழ் படிக்கற பழக்கத்துல எழுத்துக் கூட்டி எல்லாத்தயும் முழுசா சொல்லிடறாங்க. டாக்டர்னு சொல்றப்ப கடைசி 'டர்'ர நாம அழுத்தி சொல்றோம், அங்க அது மங்கலா, பாதி 'அ' மாதிரி போயிடும். இங்கிலீஷ்ல அதிகமா வர்ற உயிர் சத்தமே அது தான், டிக்‌ஷனரியில தலைகீழா போட்ட இங்கிலீஷ் 'e' எழுத்தா காட்டுவாங்க.

அடுத்தது ப. பால்ல வர்றது ஒரு சத்தம், தம்பியில வர்றது இன்னொரு சத்தம், ரெண்டையும் ஒரே எழுத்துல தான் எழுதறோம், ஆனா வாய்க்கு வித்தியாசம் தெரியும். அதனால அந்த 'தம்பி' சத்தம் பாப்பாவுக்கு புதுசு இல்ல, வார்த்தை ஆரம்பத்துல கொண்டாந்து வெக்க பழகணும் அவ்ளோ தான், பெட், பிளட், பேபி எல்லாம் அப்படி ஆரம்பிக்கும். தொண்டையில விரல் வெச்சா அதிரும். பென் (pen), பெயின் (pain), பில் (pill, மாத்திரை) சொல்றப்ப தொண்டை அதிராது, ஆனா உதட்டுல இருந்து காத்து அடிக்கணும், ஒரு துண்டு பேப்பர வாய்க்கு முன்னாடி புடிச்சா அது ஆடணும். நாம பால்னு சொன்னா பேப்பர் பெருசா ஆடாது, நீங்களே செஞ்சு பாருங்க.

வ-வும் இப்படித்தான். வெயின், வாமிட்டிங், இதுக்கெல்லாம் மேல் பல்லு கீழ் உதட்ட தொடணும். வார்டு, வூண்ட், வாட்டர், இதுக்கு பல்லு கிட்டயே வரக்கூடாது, உதட்ட குவிச்சு தொறக்கணும். டோஸ் முடியறது சாதா ஸ், டிசீஸ் முடியறது இசட் சத்தம். ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் வீட்ல உருது பேசற பசங்களுக்கு இந்த இசட்டும் எஃப்பும் தானா வந்துடும், பாப்பா கிளாஸ்ல அப்படி யாராவது இருந்தா அவங்க கூட உக்காந்து பேசிக்கினு இருந்தாலே போதும், கோர்ஸ்லாம் எதுக்கு. பெட்டு, வார்டு, பேஷண்ட்டுன்னு கடைசியில ஒரு 'உ' ஒட்டறோம் பாருங்க, அதையும் வெட்டணும்.

ஆனா இது எல்லாத்த விடவும் முக்கியம் அழுத்தம், அதாவது ஸ்ட்ரெஸ். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி, இந்த ரெண்டையும் நம்ம ஊர்ல ஒரே மாதிரி தட்டையா சொல்லிட்டு போயிடறோம். ஃபிஃப்டீன்ல அழுத்தம் பின்னாடி, 'டீன்'ன நீட்டி கடைசி ன் காதுல விழணும். ஃபிஃப்டியில அழுத்தம் முன்னாடி, 'டி' சட்டுனு முடிஞ்சிடணும். டாக்டர் ஃபோன்ல 15 மில்லிகிராம்னு சொல்லி இவ 50-ன்னு எழுதினா இன்னா ஆகும்? அதனால தான் ஆஸ்பத்திரியில 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஜீரோ'ன்னு பிரிச்சு திருப்பி சொல்ல சொல்றாங்க, பாப்பா இப்பவே பழகிக்கட்டும். இன்னொன்னு, 'ஷன்'னு முடியற வார்த்தையில அழுத்தம் அதுக்கு முந்தின அசையில விழும்: இன்ஃபெக்‌ஷன்ல 'ஃபெக்', ஆபரேஷன்ல 'ரே', மெடிகேஷன்ல 'கே'. இந்த ஒரு விதியிலயே வார்டுல புழங்கற நிறைய வார்த்தை சரியாயிடும். பாராசிட்டமால்ல 'சீ' மேல அழுத்தம், நாம மொத எழுத்துல போட்டு அடிக்கறோம்.

சிரிக்கறவங்கள விடுங்க அக்கா. வேலூர்ல சி.எம்.சி ஆஸ்பத்திரி பக்கம் காந்தி ரோட்டுல லாட்ஜ் போர்டெல்லாம் பெங்காலியில இருக்கே, வங்காளத்துல இருந்து வர்ற பேஷண்டுங்க நிறைய பேருக்கு வி (v) சத்தமே வராது, பி (b) மாதிரி தான் வரும், அவங்களுக்கும் நம்ம பொண்ணுங்க தான் மருந்து எப்ப சாப்புடணும்னு சொல்லி புரிய வெக்கறாங்க.

ஃபோன்ல கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு டிக்‌ஷனரி ஃப்ரீயா இருக்கு. ஸ்பீக்கர் படத்த அமுக்கினா சொல்லிக் காட்டும், எந்த அசைக்கு முன்னாடி மேல சின்ன கோடு நிக்குதோ அங்க அழுத்தம். தினம் வார்டுல கேட்ட அஞ்சாறு வார்த்தைய தேடி, தன் குரல ரெக்கார்ட் பண்ணி, ரெண்டையும் அடுத்தடுத்து போட்டு கேக்கட்டும். மொத வாரம் தன் குரல கேக்கவே கூச்சமா இருக்கும், பரவால்ல.

இல்ல, கோர்ஸ் போட்டே ஆகணும்னு பாப்பா நின்னா, பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு டெமோ கிளாஸ் கேளுங்க. ஒரு மணி நேரத்துல அவள ஒரு பத்து நிமிஷம் கூட பேச விடலன்னா எழுந்து வந்துடுங்க.