மேல் இமைக் குழி: கேட்டவையும் என் பதில்களும்

கண்ணிமை அறுவை சிகிச்சைதான் என் தொழில். வந்த கேள்விகளில் சில:

வயது 41. மேல் இமை குழி விழுந்து, பார்ப்பவர்களெல்லாம் "தூங்கலையா?" என்கிறார்கள். குழியை நிரப்பும் ஃபில்லர் ஊசி போடலாமா?

போடலாம். ஹயலுரானிக் அமில ஜெல்லைப் புருவ எலும்பின் விளிம்பை ஒட்டி, ஆழத்தில், துளித்துளியாக வைப்போம். மேலோட்டமாக வைத்தால் தோலுக்கடியில் நீலம் பாயும். பிடிக்கவில்லையா, ஹயலுரானிடேஸ் ஊசி போட்டுக் கரைத்துவிடலாம். முதல்முறை வருபவர்களுக்கு நான் இதைச் சொல்வது அதனால்தான். ஆனால் ஜெல் ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் பார்வையே பறிபோகலாம். அரிதுதான், போனால் மீட்பது மிகக் கடினம். பார்லரில் ஆஃபர் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கொழுப்பு வைத்தால் நிரந்தரமாமே?

ஓரளவு. வயிற்றிலோ தொடையிலோ எடுத்து வைக்கும் கொழுப்பில் ஒரு பகுதியை உடம்பே கரைத்துவிடும். எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மிச்சம் தங்கும். இமைத் தோல் மெல்லியது, கட்டி தட்டினால் அப்படியே தெரியும். ஃபில்லரைப் போல அதை ஊசி போட்டு எளிதாகக் கரைக்கவும் முடியாது.

அம்மாவுக்கு 63. கிளாக்கோமாவுக்கு (கண் அழுத்த நோய்) சொட்டு மருந்து ஆரம்பித்த பிறகு கண் குழிந்துவிட்டது.

மருந்தின் பெயரைப் பாருங்கள். பைமாட்டோப்ரோஸ்ட், லட்டானோப்ரோஸ்ட் வகை என்றால் அதுவே காரணமாக இருக்கலாம். இமையைச் சுற்றியுள்ள கொழுப்பை அவை வற்றச் செய்யும். வேறு வகைக்கு மாற்றினால் பலருக்குக் குழி குறைகிறது. மாற்றுவது உங்கள் கண் மருத்துவர் கையில். நீங்களாக நிறுத்தாதீர்கள், கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது.

எனக்கு இடது கண்ணில் மட்டும்தான் குழி. இமையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

ஃபில்லர் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். கண்ணாடி முன் நின்று நெற்றியைத் தளர்த்தி, இடது புருவத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நேராகப் பாருங்கள். இமை இன்னும் இறங்கினால், இதுவரை புருவம்தான் அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. இமையைத் தூக்கும் தசைநார் நழுவினால் மடிப்பு மேலே ஏறும், குழியும் விழும். அதைச் சரிசெய்தாலே பாதிக் குழி போய்விடுவதுண்டு. திடீரென்று வந்ததா, கூடவே இரட்டையாகத் தெரிகிறதா, கண்மணி இரண்டும் வேறு வேறு அளவா? அப்படியென்றால் இன்றே போங்கள். மெதுவாக வந்தது என்றால், பத்து வருடத்துக்கு முந்தைய போட்டோ ஒன்றோடு வாருங்கள்.

விளக்கெண்ணெய் தடவினால்?

இமை பளபளக்கும். குழி அப்படியேதான் இருக்கும்.