மலையில சைக்கிள் சரிவருமா?

கேள்வி: அண்ணே, நுவரெலியா மாதிரி ஏத்த எறக்கமான ஊர்ல சைக்கிளும் பஸ்ஸும் ஒழுங்கா ஓட என்ன செய்யலாம்?
- வாசகி, நானுஓயா

பதில்: செய்யலாம் தங்கச்சி. கொலம்பியாவுல பொகோட்டா நகரம் சுமார் 2600 மீட்டர் உயரம், நம்ம நுவரெலியா 1868 தான், அங்க 1974லயே தொடங்கி ஞாயிற்றுக்கிழமைல பெரிய ரோட்டெல்லாம் மூடி சைக்கிளுக்கு விடுறாங்க, நம்ம கிரகரி வாவிப் பக்கம் காலையில மட்டும் அப்பிடி விட்டாலே பிள்ளைங்க பயமில்லாம பழகிருவாங்க. ஏத்தத்துக்கு, அமெரிக்காவுல சியாட்டில் நகரத்துல மாதிரி பஸ் முன்னுக்கு சைக்கிள் மாட்டுற கம்பி போடலாம்.

ஆனா எனக்கு முதல்ல வேணும்னு படுறது, நானுஓயாவுக்கு ரயில் வர்ற நேரத்துக்கு டவுன் பஸ் நிக்கணும், நேர அட்டவணை தமிழ்லயும் இருக்கணும். கொழுந்து எடுத்துட்டு மழையில பஸ்ஸுக்கு நிக்கிற அம்மாமாருக்கு ஒரு கூரையாவது போடுங்க, அதுக்கு பெரிய காசு போகாது.