குளிர்நாட்டு வைனில் அப்படி என்ன விசேஷம்? அந்தத் திராட்சையைத் திருகோணமலையில் வளர்க்க முடியாதா?

உவர்மலையில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு முந்திரிகைக் கொடி நிற்கிறது. (எங்கள் பக்கத்தில் திராட்சைக்கு அதுதான் பெயர். கஜுவை நினைத்துவிடாதீர்கள்.) சில வருடங்களுக்கு முன் கனடாவின் நயாகரா பகுதிக்குப் போய், ஒன்றுவிட்ட தம்பி வேலை செய்யும் தோட்டத்தில் ஒக்டோபர் அறுவடைக்கு நின்றேன். அங்கே ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன் திராட்சைப் பழமொன்றை வாயில் போட்டதும் நல்ல இனிப்பு, கூடவே பல் கூசும் புளிப்பு. எங்கள் வீட்டுப் பழத்தில் இனிப்பு உண்டு, அந்தப் புளிப்பு கிடையாது. நீங்கள் கேட்ட விசேஷம் அந்தப் புளிப்புத்தான்.

திராட்சையில் முக்கியமாக இரண்டு அமிலங்கள். ஒன்று டார்டாரிக், மீன்குழம்புக்குக் கரைக்கிறோமே, அந்தப் பழப்புளியில் இருப்பது. மற்றது மலிக், பச்சை அப்பிளில் இருப்பது. காய் நிறம் மாறத் தொடங்கியதும் பழத்தில் சீனி ஏறும், மலிக் அமிலம் இறங்கும். பழம் சுவாசிக்கும்போது அதைத்தான் எரிக்கிறது. சூட்டில் சுவாசம் வேகமாகும், குளிரில் மந்தமாகும். டார்டாரிக் அவ்வளவு எளிதில் எரியாது. இதில் கவனிக்க வேண்டியது, சீனியை இலை பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் செய்கிறது. அமிலமோ இரவிலும் எரிகிறது. நயாகராவில் செப்டம்பர் கடைசியில் இரவு 10 பாகையளவுக்கு இறங்கிவிடும். எங்கள் ஊரில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் நடுச்சாமத்திலும் 26 பாகை. அதனால் வெயிலை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இரவுதான் எங்களைக் கெடுக்கிறது.

இரண்டு இடத்திலும் இதைச் செய்வது தண்ணீர் என்பது எனக்கு இன்னும் வியப்பு. ஒன்டாரியோ ஏரி ஆழமானது, முழுக்க உறைவது அரிது. மாரியில் அது மெல்ல மெல்ல வெப்பத்தை விடுவதால் கரையோரத் தோட்டங்களின் மொட்டுகள் கடுங்குளிரில் சாகாமல் தப்புகின்றன. வசந்தத்தில் அதே ஏரி குளிர்ந்து கிடந்து துளிரைத் தாமதப்படுத்துகிறது, பின்பனியில் துளிர் கருகுவதில்லை. இங்கே எங்கள் குடாவும் அதே வேலையைத்தான் செய்கிறது. பகல் வெப்பத்தைப் பிடித்துவைத்து இரவைக் குளிரவிடாமல் தடுக்கிறது. அங்கே கொடிக்குக் காவல், இங்கே பழத்துக்குக் கேடு.

கணக்காகவும் பார்க்கலாம். கலிபோர்னியாவில் அமரைன், விங்க்ளர் என்ற இருவர் 1944இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். ஏப்ரலில் இருந்து ஒக்டோபர் வரை ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையில் 10 பாகையைக் கழித்து, மிச்சத்தைக் கூட்ட வேண்டும். செல்சியஸில் சுமார் 1,390க்கு உட்பட்டால் குளிர்ப்பகுதி. 2,220ஐத் தாண்டினால் மிக வெப்பமான பகுதி. எங்கள் சராசரியை 28 என்று வைத்தாலே 18 × 214 = 3,852. அட்டவணைக்கே வெளியே நிற்கிறோம்.

சரி, நுவரெலியா குளிர்தானே என்று அடுத்துக் கேட்பீர்கள். அங்கே குளிர் உண்டு, பருவம் இல்லை. நயாகராவில் ஜூனில் 15 மணி நேரத்துக்கு மேல் பகல், பிறகு இலை கொட்டி நீண்ட உறக்கம். எங்கள் தீவில் வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம், கொடி உறங்குவதே இல்லை. யாழ்ப்பாணத்து விவசாயிகள் கவ்வாத்துச் செய்துதான், அதாவது கிளைகளை வெட்டிவிட்டுத்தான், கொடியைக் காய்க்க வைக்கிறார்கள், வருடத்தில் இரண்டு தரமும் எடுக்கிறார்கள். சாப்பிடும் பழத்துக்கு அது அருமையான முறை. அந்தப் பழத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை.

குளிர்நாட்டுக்காரருக்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. சில வருடங்களில் சீனி போதாது. லீற்றருக்கு ஏறக்குறைய 17 கிராம் சீனி நொதித்தால்தான் 1 வீதம் அல்ககோல். அதனால் நொதிக்குமுன் சீனி சேர்ப்பார்கள். 1801இல் அதைப் பற்றி எழுதிய பிரெஞ்சு இரசாயனவியலாளர் சாப்டாலின் பெயரில்தான் அந்த முறை இன்றும் வழங்குகிறது. புளிப்பு மிஞ்சினால் ஈனோகொக்கஸ் என்ற பக்டீரியா கைகொடுக்கிறது. கூரான மலிக் அமிலத்தை அது மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். எங்கள் எருமைத் தயிரில் இருக்கும் அமிலம்தான் அது. கூடின புளிப்பை இப்படிக் குறைக்கலாம். எரிந்துபோன புளிப்பைப் பழம் திரும்பச் செய்யாது. புளிப்புக் குறைந்தால் சுவை மட்டும் போவதில்லை, கெடுக்கும் கிருமிகளும் எளிதில் புகும். வைனைக் காக்கச் சேர்க்கும் கந்தகவீரொட்சைட்டும் அமிலம் குறைந்த இடத்தில் வலுவிழக்கும்.

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். போன வருடம் எங்கள் கொடியின் சாற்றை மாணவர்களோடு சோதித்தோம், பிஹெச் 3.9 (இந்த எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்). ரீஸ்லிங் சாறு 3ஐ ஒட்டி நிற்கும். குலையில் பாதிக் காய் ஊதா, பாதி பச்சை. 35 பாகைக்கு மேல் தோலில் நிறமியும் சரியாக உண்டாகாது.

இந்த முறை ஒக்டோபர் கடைசியில் கவ்வாத்துச் செய்யப் போகிறேன். நாலு மாதத்தில், அதாவது இரவு கொஞ்சமாவது குளிர்ந்திருக்கும் பெப்ரவரியில் பழுக்கும். பூக்கும் நேரம் வாடைமழையில் மாட்டி பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் பந்தலுக்கு மேலே பொலித்தீன் கட்ட வேண்டும். பழுத்ததும் சாற்றைத் திரும்பச் சோதித்து, வரும் அளவை இந்தப் பதிலிலேயே சேர்த்துவிடுகிறேன்.