நண்பரின் நாணயப் பெட்டிக்கு நீங்களே விலை சொல்லலாமா?

கேள்வி: பதினைந்து வருடமாகப் பழைய நாணயங்கள் சேர்த்து வருகிறேன். என் நெருங்கிய நண்பரின் அப்பா சென்ற வருடம் காலமானார். அவர் விட்டுப்போன நாணயப் பெட்டியை நண்பர் என் கையில் கொடுத்து, "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நீயே பார்த்து ஒரு விலை சொல்லு, நீ சொன்னா சரிதான்" என்றார். மூன்று வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துப் பட்டியல் போட்டேன். ஒரு பைசா கூலி கேட்கவில்லை. நியாயமான விலை கொடுத்து மொத்தத்தையும் நானே வாங்கிக்கொள்ள நினைத்து, முன்பணமும் கொடுத்துவிட்டேன். இதற்குள் நண்பரின் தங்கை, அவர் அண்ணனை நான் ஏமாற்றப் பார்ப்பதாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டார். அந்தக் குடும்பம் கஷ்டப்பட்ட காலத்தில் நான் செய்த உதவிகளை எல்லாரும் மறந்துவிட்டார்கள். மனசு விட்டுப்போச்சு. பெட்டியில் 1939-ஆம் வருடத்து வெள்ளி ரூபாய் ஒன்று இருக்கிறது. அசல் என்றுதான் நினைக்கிறேன். அதைப் பற்றி நண்பரிடம் தனியாக எதுவும் சொல்லவில்லை. சந்தை விலையில் எத்தனை சதவீதம் கொடுத்தால் சட்டம் அதை நியாயமான விலை என்று ஏற்கும்? "பிற்பாடு எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டால் போதுமா?

பதில்: தங்கை எழுதியதையும் நீங்கள் செய்த பழைய உதவிகளையும் ஒதுக்கி வைத்துவிடுகிறேன். இரண்டுக்கும் இந்த விஷயத்தில் இடமில்லை. மூன்று வார உழைப்புக்கும் அப்படித்தான். கூலி கேட்கவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்புறம் அதை விலையில் கழிக்க முடியாது. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். அதை உங்கள் நண்பர் சொல்லியிருக்கிறார்: "நீ சொன்னா சரிதான்."

அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு பெட்டியை வாங்கி வைத்த நிமிடத்தில் நீங்கள் அவருடைய ஆலோசகர் ஆகிவிட்டீர்கள். முன்பணம் கொடுத்தபோது வாங்குபவரும் ஆனீர்கள். விலை சொல்பவரும் வாங்குபவரும் ஒரே ஆள். உங்கள் சிக்கல் மொத்தமும் இதில்தான் இருக்கிறது, சதவீதத்தில் இல்லை.

சதவீதக் கணக்கு எதுவும் சட்டத்தில் கிடையாது. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு இதற்கு ஓர் உதாரணம் வைத்திருக்கிறது. 1,000 ரூபாய் பெறும் குதிரையை ஒருவர் 10 ரூபாய்க்கு விற்க ஒப்புக்கொள்கிறார். சுதந்திரமாகச் சம்மதித்திருந்தால் அந்த ஒப்பந்தம் செல்லும். அடுத்த உதாரணத்தில் அதே குதிரை, அதே 10 ரூபாய். ஆனால் விற்றவர் "நான் மனமார சம்மதிக்கவில்லை" என்கிறார். இப்போது அந்த அடிமாட்டு விலையையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். சம்மதம் எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. விலை அதற்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவை நிதானமாகப் படியுங்கள். சும்மா வாயை மூடிக்கொண்டிருப்பது பொதுவாக மோசடி ஆகாது. இரண்டு வியாபாரிகள் பேரம் பேசும்போது, விலை மாறப்போகிறது என்ற ரகசியத் தகவல் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தாலும் அவர் அதைச் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை என்று அந்தப் பிரிவே சொல்கிறது. உங்களைப் போன்றவர்கள் பிடித்துக்கொள்வது இந்த வரியைத்தான். ஆனால் அதற்கு முந்தைய உதாரணங்களையும் பாருங்கள். குதிரையை வாங்குபவர் அப்போதுதான் வயதுக்கு வந்த சொந்த மகள் என்றால், அதன் குறையைச் சொல்ல வேண்டியது அப்பாவின் கடமை. "நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குபவர் சொல்லியும் விற்பவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனமே பேச்சுக்குச் சமம். உங்கள் நண்பர் வியாபாரி இல்லை. தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி, உங்கள் வார்த்தையை நம்பி இருப்பவர். நீங்கள் நிற்பது இந்த உதாரணங்களின் பக்கம்.

இனி அந்த 1939 ரூபாய். அது எவ்வளவு அரிது, எத்தனை போலிகள் உலவுகின்றன என்பதெல்லாம் எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் போட்ட பட்டியலில் அது எந்த வரியில் இருக்கிறது? "ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் - 14" என்று மற்றவற்றோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் மௌனத்தைத் தாண்டிவிட்டீர்கள். தெரிந்த விஷயத்தை மூடி மறைப்பது 17-ஆவது பிரிவில் தனியாகவே மோசடி. 1940-இலிருந்து வந்த வெள்ளி ரூபாயில் வெள்ளி பாதிதான், 1939-இல் 91.7 சதவீதம். அரிது என்பதை விடுங்கள், வெறும் வெள்ளி எடைக்குப் போட்டாலும் இரண்டும் ஒரே வரியில் வராது. பதினைந்து வருடம் சேகரித்தவர் இது தெரியாமல் எழுதிவிட்டார் என்று எந்த நீதிபதியும் நம்பமாட்டார்.

19-ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. சாதாரணக் கவனத்தோடு விசாரித்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால், மௌனத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. "இணையத்தில் தேடியிருந்தால் அவருக்கே தெரிந்திருக்குமே" என்று வக்கீலான என்னிடம் வழக்கோடு வரும் கட்சிக்காரர்கள் சொல்வது இதை வைத்துத்தான். அதை நம்பி இறங்காதீர்கள். விஷயம் தெரிந்த நண்பரிடம் கொடுத்துக் கேட்டதுதான் நான் செய்த விசாரணை என்று அவர் சொல்வார். அதற்கு உங்களிடம் பதில் இல்லை.

எழுதி வாங்கும் தாளைப் பற்றிக் கேட்டீர்கள். என் கட்சிக்காரர்கள் விழுந்து எழுந்திருக்க முடியாமல் போனதை நான் பார்த்த பள்ளம் இதுதான். ஒருவர் உங்களைப் போலவே சேகரிப்பாளர். நண்பர் வீட்டு ஆல்பம் ஒன்றை மொத்தமாக வாங்கினார். "முழு மனதோடு விற்கிறேன், வருங்காலத்தில் எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று முத்திரைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வாங்கினார். நாலு மாதம் கழித்து அதிலிருந்து ஒரே ஒரு நாணயத்தை விற்று, சந்தோஷத்தில் அதன் படத்தைச் சேகரிப்பாளர் குழுவில் போட்டார். படம் சுற்றிச் சுற்றி நண்பரின் மகன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நோட்டீஸ் வந்ததும் என் கட்சிக்காரர் அந்தத் தாளைக் கேடயம் மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் அதையே தன் முதல் ஆவணமாக வைத்தார். இருபது வருட நண்பர்களுக்குள் இப்படி ஒரு தாள் எதற்கு, இவருக்கு முன்பே ஏதோ தெரிந்திருக்கிறது என்பது அவர் வாதம். மோசடியால் வாங்கிய சம்மதத்தில் "எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்ற அந்த வாசகமும் அடக்கம். ஒப்பந்தம் ஆட்டம் கண்டால் அதுவும் சேர்ந்து ஆடும். கடைசியில் லாபத்தைவிட அதிகமாகக் கொடுத்துச் சமரசம் செய்தோம்.

காலம் கடந்தால் தப்பிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். மோசடி வழக்குக்கு மூன்று வருட காலவரம்பு, அது தெரியவந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். 1963-ஆம் வருடக் காலவரம்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. அந்த ரூபாயை எட்டு வருடம் பூட்டி வைத்துவிட்டு ஒன்பதாவது வருடம் ஏலத்துக்கு அனுப்பினாலும் கடிகாரம் அன்றைக்குத்தான் ஓட ஆரம்பிக்கலாம். இதற்கு நடுவில் யாராவது கோபத்தில் காவல் நிலையத்துக்குப் போனால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-இன் இடத்தில் இப்போது இருக்கும் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவில் புகார் எழுதுவார்கள். அது நிற்குமா என்பது வேறு விஷயம். நிற்காத புகாருக்கும் நீங்கள் ஸ்டேஷன் வாசலில் காத்திருக்கத்தான் வேண்டும்.

அடுத்து தங்கை. அவர் பேசிய விதத்தை மறந்துவிட்டு, அவர் யார் என்று பாருங்கள். அப்பா உயில் எழுதவில்லை, குடும்பம் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குள் வருகிறது என்றால் மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவர், எல்லாருக்கும் சம பங்கு. மற்ற மதத்தவருக்குக் கணக்கு வேறு. அங்கும் மகளுக்குப் பங்கு உண்டு. நண்பரின் அம்மா இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவே இல்லை. கூட்டுச் சொத்தை ஒரு பங்காளி மட்டும் விற்றாலும், மற்றவர்கள் அனுமதியோடு அது அவர் ஒருவர் கைவசம் இருந்து, வாங்கியவரும் நல்லெண்ணத்தோடு விவரம் தெரியாமல் வாங்கியிருந்தால், 1930-ஆம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு அவரைக் காக்கும். உங்களுக்கு அந்தக் காப்பு கிடையாது. தங்கை இருப்பது தெரியும், அவருக்குச் சம்மதமில்லை என்பதும் தெரியும். உங்கள் மனசை நோகடித்த அந்த வாட்ஸ்அப் செய்தி, சட்டத்தின் கண்ணில் உங்களுக்கு வந்த அறிவிப்பு.

ஆகவே என் யோசனை: மொத்தமாக வாங்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். முன்பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். இன்றைக்கே நண்பருக்கும் தங்கைக்கும் ஒரே செய்தியில், 1939 ரூபாய் ஒன்று இருக்கிறது, அசலாக இருக்கலாம், நிபுணர் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். தனித்தனியாகச் சொல்ல வேண்டாம், நேரில் சொல்வது மட்டும் போதாது. இது உங்களுக்குக் கசக்கும். ஆனால் நீங்கள் மோசம் செய்ய நினைத்தவர் இல்லை என்பதைக் காட்ட இதைவிட நல்ல ஆதாரத்தை எந்த வக்கீலாலும் பிற்பாடு உண்டாக்க முடியாது.

நாணயங்கள் மீது ஆசை இருக்கத்தான் செய்யும், புரிகிறது. சிலவற்றை மட்டும் வாங்கலாம், வழி இருக்கிறது. இந்தப் பெட்டியிலிருந்து எதையும் வாங்கப் போகாத ஒருவர் மதிப்பிட்டு எழுத்தில் கொடுக்கட்டும். அவரை வாரிசுகள் தேர்ந்தெடுக்க வேண்டும், கட்டணத்தையும் அவர்களே கொடுக்க வேண்டும். மதிப்பு என்று எழுதும்போது எந்த மதிப்பு என்பதும் தெளிவாக இருக்கட்டும். உலோக எடை விலை ஒன்று, டீலர் மொத்தமாக வாங்கும் விலை ஒன்று, சேகரிப்பாளர் தனித்தனியாகக் கொடுக்கும் விலை ஒன்று, மூன்றும் வெவ்வேறு. "நியாய விலை" என்று நீங்கள் சொன்னபோது மனதில் வைத்திருந்தது டீலர் விலை, தங்கை நினைத்தது இணையத்தில் யாரோ போட்ட கனவு விலை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த இணைய விலைகளும் ஆதாரம் ஆகாது. பழைய காசு வாங்குகிறோம் என்று தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் பிடுங்கும் ஆட்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்தது. மதிப்பீடு வந்தபின் உங்களுக்கு வேண்டியவற்றுக்கு, எந்த மதிப்பின் அடிப்படையில் என்பதையும் எழுதி விலை சொல்லுங்கள். எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போடட்டும். 1939 ரூபாயை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது ஏலத்துக்குப் போகட்டும். வேண்டுமென்றால் மற்றவர்களோடு சேர்ந்து நீங்களும் ஏலம் கேளுங்கள்.

நீங்கள் கேட்காத மூன்று விஷயம், சுருக்கமாக. நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயங்கள் 1972-ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள். அவற்றைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, தபாலிலும் கூடாது. பெட்டியில் மண் ஒட்டிய காசுக் குவியல் ஏதாவது இருந்து, "அப்பாவுக்கு நிலத்தில் கிடைத்தது" என்று யாராவது சொன்னால் அதைத் தொடாதீர்கள். அது 1878-ஆம் வருடப் புதையல் சட்டத்தின் விஷயம், கலெக்டருக்குத் தெரிவித்திருக்க வேண்டியது. அப்புறம், 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது. வருமான வரிச் சட்டத்தின் அபராதம் பணத்தை வாங்கியவர் தலையில், அதாவது உங்கள் நண்பர் தலையில் விழும்.

கடைசியாகப் பெட்டி. அது இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். விற்பனை நடக்கும்வரை அது அடுத்தவர் பொருள். உங்கள் சொந்தப் பொருளைப் போலப் பாதுகாக்கும் கடமை உங்களுக்கு உண்டு. எதையும் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டாம். சுத்தம் செய்த காசின் மதிப்பு எப்படி விழும் என்பது உங்களுக்கே தெரியும், அந்த நஷ்டமும் உங்கள் கணக்கில்தான் வரும். ஒவ்வொரு நாணயத்தையும் முன்பக்கம், பின்பக்கம் படம் எடுங்கள். வெள்ளி ரூபாய்களைத் தராசில் வைத்து எடை தெரியும்படி எடுங்கள், 11.66 கிராம் இருக்க வேண்டிய காசு 11.2 காட்டினால் அதுவும் இப்போதே பதிவாகட்டும். பிறகு பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது "அப்பா காலத்தில் முப்பது இருந்தது, இப்போது இருபத்தெட்டுதான்" என்று யாராவது சொன்னால் உங்கள் கையில் இருக்கப்போவது அந்தப் படங்கள் மட்டும்தான். நண்பரும் தங்கையும் இருவரும் இருக்கும்போது எண்ணி ஒப்படையுங்கள். பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் இருவரிடமும் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.