ஜெர்மன் எல்லையை ஒட்டிய டச்சுக் கிராமமான வால்ஸில் குடும்பத்தோடு குடியிருக்கலாமா?

தாராளமாக இருக்கலாம். வேலை டச்சு நகரமான மாஸ்ட்ரிக்ட் பக்கம், வீடு வால்ஸில் கிடைத்திருக்கிறது, "அது நாட்டின் கடைக்கோடியாச்சே" என்று யாரோ பயமுறுத்திவிட்டார்கள். உங்கள் நிலைமை இதுதான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

கடைக்கோடிதான், மறுக்கவில்லை. ரயில் நிலையம்கூடக் கிடையாது. ஆனால் 350ஆம் எண் பேருந்து ஒரு பக்கம் மாஸ்ட்ரிக்ட்டுக்கும் மறுபக்கம் ஜெர்மனியின் ஆகன் நகரத்துக்கும் போகிறது. பெரிய நகரத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மூலை என்றால் எப்படி?

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது எல்லையைப் பார்க்க நடத்தியே கூட்டிப்போனேன். வேலி, கேட், போலீஸ் என்று எதிர்பார்த்தவர், ஜெர்மனிக்குள் வந்த பிறகும் "இன்னும் எவ்வளவு தூரம்டி?" என்றார். ஆரஞ்சாக இருந்த தபால் பெட்டி மஞ்சளாகிவிட்டதைக் காட்டினேன். நம்பவே இல்லை. ஆனாலும் 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி இந்தப் பக்கமும் எல்லைச் சோதனை வைத்திருக்கிறது. பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் எப்போதும் கையில் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே சூப்பர் மார்க்கெட் வாசலில் பாருங்கள், ஆகன் வண்டிகளாகவே நிற்கும். அங்கே அன்று கடைகள் மூடல். அப்புறம் காப்பி: ஜெர்மனியில் வறுத்த காப்பிக்குக் கிலோவுக்கு 2.19 யூரோ தனி வரி உண்டு, இங்கே அது இல்லை. டிராலி நிறைய காப்பி பாக்கெட் அடுக்கிக்கொண்டு போவார்கள். அங்கே கிடைக்காததைத் தேடி இங்கே வருவது இன்று நேற்றுப் பழக்கமும் இல்லை. கத்தோலிக்க ஆகனில் வழிபட இடமில்லாத புராட்டஸ்டண்டுகள் அந்தக் காலத்தில் வால்ஸுக்குத்தான் வந்து தொழுதார்கள்.

ஆம்ஸ்டர்டாம்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், உங்கள் ஊரைக் குறை சொல்லவில்லை. ஜெர்மன் மாணவர் விசாவை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே குடியேறலாம் என்றும் நான் சொல்லவில்லை. அதற்கு டச்சு அனுமதி தனியாக வேண்டும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. ஊருக்கு மேலே 322 மீட்டர் குன்றில் மூன்று நாடுகள் சந்திக்கும் கல் இருக்கிறது. நம் ஆட்கள் காரில் வந்து, பெல்ஜியத்தில் ஒரு கால், ஜெர்மனியில் ஒரு கால் என்று படம் எடுத்துவிட்டு, ஊருக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விடுகிறார்கள். துத்தநாகச் சுரங்கம் யாருக்கு என்று முடிவாகாமல் 1816இல் பொதுவில் விட்ட நியூட்ரல் மோரெஸ்னெட் என்ற துண்டு நிலம், 1920இல் பெல்ஜியத்தோடு சேரும்வரை, அதன் ஒரு முனை அந்தக் கல் இருக்கும் இடத்தில்தான் இருந்தது. நான் பார்த்த எந்தப் படத்தின் கீழேயும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.