தாத்தாவின் சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் அடிக்கடி நின்றுவிடுகிறது. நானே சரிசெய்ய முடியுமா?

சாவி கொடுத்தால் ஓடுகிறது, சில மணி நேரத்தில் நிற்கிறது, தட்டினால் மறுபடி ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இனிமேல் தயவுசெய்து தட்டாதீர்கள். நின்றுபோன கடிகாரம் எந்த நிலையில் நின்றிருக்கிறதோ, அந்த நிலையிலேயே கோளாறின் தடயம் இருக்கிறது. தட்டிய நொடியில் அது கலைந்துவிடும்.

இது எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆயிற்று. என் பெரியப்பா விட்டுச் சென்ற 15 கல் (சக்கர முனைகள் உராயாமல் சுழலப் பதித்த கற்கள்) கைக்கடிகாரம் ஒன்று இப்படித்தான் நின்று நின்று ஓடியது. ஆறு மணி எண்ணுக்கு மேலே சின்ன வட்டத்தில் தனி வினாடி முள் சுற்றும் பழைய அமைப்பு. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு தாளை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை நிற்கும்போதும் என்ன மணி காட்டுகிறது, வினாடி முள் எங்கே நிற்கிறது, கடிகாரம் எந்தப் பக்கமாகக் கிடந்தது என்று எழுதினேன். ஒன்பது குறிப்புகளில் ஏழு, ஐந்தேமுக்காலுக்கும் ஆறேகாலுக்கும் நடுவே இருந்தன. மணி முள் அந்தச் சின்ன வட்டத்தைக் கடந்துபோகும் நேரம் அது. லென்ஸ் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால், மணி முள் மயிரிழை தாழ்ந்து வினாடி முள்ளை உரசிக்கொண்டிருந்தது. உள்ளே எந்தச் சக்கரத்தையும் தொடாமல், முள்ளைச் சற்று நிமிர்த்தியதோடு அந்தக் கோளாறு தீர்ந்தது.

உங்கள் குறிப்புகளையும் இப்படியே படிக்கலாம். மணி முள்ளும் நிமிட முள்ளும் 12 மணி நேரத்தில் 11 முறை ஒன்றன்மேல் ஒன்று வரும். 1.05, 2.11, 3.16 என்று அந்த நேரங்களை ஒட்டியே நின்றால் முட்கள் முட்டுகின்றன. வினாடி முள் எப்போதும் ஒரே இடத்தில் நின்றால், நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றும் நான்காம் சக்கரத்தையோ அந்த முள்ளையோ சந்தேகியுங்கள். நிமிட முள் ஒரே இடத்தில் நின்றால் நடுச்சக்கரம். பல்லிடுக்கில் ஒரு நூலிழை சிக்கியிருந்தாலே போதும். டயல் மேலாக வைத்தால் ஓடி, கவிழ்த்தாலோ நிமிர்த்தி நிறுத்தினாலோ நின்றால், முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முனை தேய்ந்தோ வளைந்தோ இருக்கலாம். அந்த முனை 0.1 மில்லிமீட்டர் அளவுதான். 1930களில் இன்காப்ளாக் போன்ற அதிர்ச்சி தாங்கும் அமைப்புகள் வருவதற்கு முந்தைய கடிகாரங்களில், ஒருமுறை கீழே விழுந்தாலே அது முறிந்துவிடும்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் நின்றால், பெரும்பாலும் காய்ந்த எண்ணெய்தான் காரணம். பழைய எண்ணெய் ஆண்டுக்கணக்கில் பிசினாக இறுகி, சக்கரங்களுக்குப் போகவேண்டிய விசையைத் தின்றுவிடுகிறது. "சாவி அதிகமாகக் கொடுத்ததால் நின்றுவிட்டது" என்று பலர் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள். முழுச் சாவி ஏறிய பிறகும் ஓடவில்லை என்றால், ஸ்பிரிங்கில் விசை இருக்கிறது, வழியில் ஏதோ மறிக்கிறது என்று பொருள்.

பின்மூடியைத் திறக்க முடிந்தால், நின்ற நிலையிலேயே காற்றூதும் ரப்பர் குமிழால் பேலன்ஸ் சக்கரத்தின் மேல் மெல்ல ஊதுங்கள். (வாயால் ஊதினால் எச்சில் ஈரம் பட்டு எஃகு துருப்பிடிக்கும்.) சக்கரம் தாராளமாக ஆடி, பிறகு உந்துதல் கிடைக்காமல் அடங்கினால், விசை அதுவரை வந்து சேரவில்லை. ஆடவே தயங்கினால் கோளாறு பேலன்ஸிலோ, அதை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கிலோ இருக்கிறது. ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் காந்தம் ஏறியிருக்கலாம். கடிகாரத்தை ஒரு திசைகாட்டியின் அருகே கொண்டுபோனால் அதன் ஊசி அசைவதிலிருந்து கண்டுபிடித்துவிடலாம். காந்தம் நீக்கும் சிறு கருவியில் சில நொடிகளில் சரியாகிவிடும்.

என் கடிகாரம் முள்ளைச் சரிசெய்த பிறகும் இருபது மணி நேரத்தைத் தாண்டவில்லை. முழுச் சாவிக்கு 30 மணி நேரத்துக்கு மேல் ஓடவேண்டியது. ஆகவே பிரித்துக் கழுவினேன். நீங்களும் அதில் இறங்குவதாக இருந்தால் இரண்டு விஷயங்களை மிகவும் வற்புறுத்திச் சொல்வேன். முதலாவது, ஸ்பிரிங்கின் விசையை இறக்காமல் எதையும் கழற்றாதீர்கள். சாவியை (பக்கவாட்டில் திருகும் குமிழை) விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங் பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் கொக்கியான கிளிக்கை விலக்கி, விரலிடுக்கில் சிறிது சிறிதாகச் சுழலவிட வேண்டும். விசை இருக்கும்போது பாலட் கவையை (சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக விட்டு, பேலன்ஸை உந்தும் சிறு கவையை) எடுத்தால் சக்கரங்கள் கட்டுக்கடங்காமல் சுழன்று பற்களும் முனைகளும் சிதையும். இரண்டாவது, பாலட் கவையை ஸ்பிரிட்டில் ஊறவைக்காதீர்கள். அதன் இரண்டு சிவப்புக் கற்களும் அவலரக்கு என்ற பிசினால் ஒட்டப்பட்டவை, ஸ்பிரிட் அதைக் கரைத்துவிடும். நான் ஊறவைத்தேன், ஒரு கல் நகர்ந்துவிட்டது. அதைப் பழைய இடத்தில் பதிக்க ஒரு மூத்த கடிகாரக் கைவினைஞரிடம் போகவேண்டியிருந்தது. அந்தப் பாகத்துக்கு நாப்தா என்ற பெட்ரோலியக் கரைப்பான் போதும்.

எண்ணெய் விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. வேகமாகச் சுழலும் சிறு முனைகளுக்கு மோபியஸ் 9010 என்ற மெல்லிய கடிகார எண்ணெய், மெதுவாகச் சுழலும் நடுச்சக்கரத்துக்கு அதைவிடக் கெட்டியான எண்ணெய். கல்லின் குழியில் பாதி நிறைந்தால் போதும், வழிந்தால் மொத்தமும் ஓடிவிடும். பாலட் கவையின் அச்சு முனைகளுக்கு எண்ணெயே வேண்டாம். தையல் இயந்திர எண்ணெய், துரு நீக்கும் தெளிப்பான் இரண்டையும் கடிகாரத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

டயலிலோ முட்களிலோ பழுப்பேறிய ஒளிர்பூச்சு இருந்தால், அதைச் சுரண்டவோ துடைக்கவோ வேண்டாம். 1960கள் வரை பல கடிகாரங்களில் கதிரியக்கம் கொண்ட ரேடியம் பூசினார்கள். இன்று அது ஒளிராமல் இருக்கலாம். ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள், ஆகவே நஞ்சு அப்படியே இருக்கிறது. உதிரும் தூள் மூச்சில் போவதுதான் ஆபத்து. அப்படிப்பட்ட கடிகாரத்தை வீட்டில் பிரிக்காதீர்கள்.

முறிந்த பேலன்ஸ் அச்சு, குலைந்த ஹேர்ஸ்பிரிங், விரிசல் விட்ட கல் ஆகியவை தெரிந்தால், மூடியை மூடி, தேர்ந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். அப்போது உங்கள் குறிப்புத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள். இன்றே முழுச் சாவி கொடுத்து, டயல் மேலாக ஓரிடத்தில் வையுங்கள். அடுத்த நாள் கவிழ்த்து, அதற்கடுத்த நாள் சாவி மேலாக. நான்கைந்து முறை நின்ற பிறகு அந்த நேரங்களை இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.