18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கிராமப் பாதிரியாருக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள்?

யாரும் கொடுக்கவில்லை. ஊர் விளைச்சலில் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு), கோயில் நிலம், கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் வாங்கும் கட்டணம், இவைதான் பிழைப்பு. தானியம், உலர்புல், மரம் ஆகியவற்றின் பங்கு, முழு உரிமையுள்ள ஊர்ப் பாதிரியாரான ரெக்டருக்கு. ரெக்டர் உரிமை கல்லூரியிடமோ நிலப்பிரபுவிடமோ போய்விட்ட ஊரில் இருப்பவர் விகார். அவருக்கு முட்டை, பழம், ஆட்டுக்குட்டி என்று சில்லறைப் பங்கு. க்யூரேட் என்பவர் இவர்களுக்குப் பதிலாகவோ உதவியாகவோ ஆராதனை நடத்தும் கூலியாள்.

குறைந்தது 23 வயதில் டீக்கன் என்ற முதல் நிலை, 24-இல் குரு ஆகலாம். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! பேராயர் அபிஷேகம் செய்துவைத்தாலும், ஊரைக் கொடுப்பது நியமன உரிமை வைத்திருக்கும் புரவலர்தான். அந்த உரிமையை நிலம்போல விற்கலாம், வாங்கலாம். நாட்குறிப்பு எழுதி வைத்த ஜேம்ஸ் உட்ஃபோர்டைப் பாருங்கள். 1763-இல் சாமர்செட்டில் ஆண்டுக்கு 40 பவுண்டுக்கு க்யூரேட். அப்பா ரெக்டராக இருந்த ஆன்ஸ்ஃபோர்டுகூட அவருக்குக் கிடைக்காமல் பங்காளிக்குப் போனது. 1774-இல் ஆக்ஸ்ஃபோர்டின் நியூ கல்லூரி நார்ஃபோக்கில் வெஸ்டன் லாங்வில்லைக் கொடுத்ததும் வருமானம் ஏறக்குறைய 400 பவுண்டு ஆனது. படிப்பு அதேதான், ஆளும் அதே ஆள்தான்.

வசூல்தான் பெரிய தலைவலி. பொருளாகவே எடுப்பதென்றால் அறுவடை நாளில் ஒவ்வொரு வயலுக்கும் ஆளும் வண்டியும் அனுப்பி, ஒவ்வொரு பத்தாவது கதிர்க்கட்டையும் பிரித்து, களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். தாமதித்தால் மழையில் நனையும்; எண்ணிக்கையில் சண்டை வரும். அதனால் பலர் தொகை பேசிக்கொண்டார்கள். உட்ஃபோர்ட் டிசம்பர் தொடக்கத்தில் விவசாயிகளுக்கு விருந்து வைத்துப் பணம் வாங்குவார். 1776 விருந்தில் மாட்டிறைச்சி வறுவல், அவித்த ஆட்டுத்தொடை, பிளம் புட்டிங். குடித்துத் தீர்ந்தது 6 புட்டி ஒயின், ஒன்றரை காலன் ரம். பீர் கணக்கில் இல்லை.

புதிதாக வருபவர் இரண்டு மாதத்துக்குள் இங்கிலாந்துத் திருச்சபையின் 39 விசுவாசப் பிரமாணங்களைச் சபை முன் வாசித்தாக வேண்டும். தவறினால் பதவி போகும். இதைவிடப் பலரைக் கடித்தது வீட்டுப் பழுது. பாதிரியார் குடியிருக்கும் குருமனையையும் தேவாலயத்தின் பீடப் பகுதியின் கூரையையும் பராமரிப்பது ரெக்டர் பொறுப்பு. முன்னவர் கவனிக்காமல் விட்டிருந்தால், அவர் வாரிசுகளிடம் பழுதுத் தொகை கேட்கலாம். சொத்தே இல்லாமல் செத்திருந்தால் செலவு புதியவர் தலையில்.

1836 சட்டம் தசமபாகத்தைப் பணமாக்கியது: கோதுமை, பார்லி, ஓட்ஸ் மூன்றின் ஏழாண்டுச் சராசரி விலைப்படி. 1870-களுக்குப் பிறகு தானிய விலை சரிந்தபோது குருமார் வருமானமும் கூடவே சரிந்தது.